பணியாத பியோனி

சீன வரலாற்றில் பேரரசர் பட்டத்துடன் அரியணை ஏறிய ஒரே பெண் வூ செத்தியான். கி.பி. 690 முதல் 705 வரை ஆண்டவர். கடுங்குளிரில் ஒருநாள், தோட்டத்துச் செடிகள் யாவும் உடனே பூக்க வேண்டுமென அவர் ஆணையிட்டதாக ஒரு பழங்கதை உண்டு. மற்றவை பணிந்தன, பியோனி மட்டும் பூக்கவில்லை. சினந்த அரசி அதனைச் சாங்கானிலிருந்து லுவோயாங்குக்குத் துரத்தினார். அங்கே அது செழித்தது. அந்நகரில் 1983 முதல் பியோனி விழாவே நடக்கிறது.

இதைப் பூவின் ஆணவம் என்பது சரியல்ல என்பேன். குளிர்காலத்தைக் கடந்த பின்னரே மொட்டு விடுவது பியோனியின் இயல்பு. வீட்டுத் தோட்டத்தில் நட்டாலும் நன்றாகப் பூக்க மூன்று ஆண்டுகளாவது செல்லும். அடிக்கடி இடம் மாற்றினால் பூப்பது தடைப்படும். பொறுமையாக விட்டு வைத்தால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் பூக்கும்.

அதன் மணத்தையும் வற்புறுத்திப் பெற முடியாது. பியோனி என்று பெயரிட்டு விற்கும் வாசனைத் திரவியங்களில் பெரும்பாலும் அந்தப் பூவின் எண்ணெய் இருப்பதில்லை. வேறு பொருட்களைக் கலந்தே அம்மணத்தை உருவாக்குகிறார்கள்.

"அவளைப் பார், எத்தனை ஏ எடுத்திருக்கிறாள்!" என்று பிள்ளைகளை ஒப்பிட்டு அவசரப்படுத்தும் பெரியவர்களும் அந்த அரசியைப் போலத்தான் ஆணையிடுகிறார்கள். பிந்திப் பூப்பது பிழையல்ல. சில பிள்ளைகளுக்கும் மூன்று ஆண்டுகள் தேவைப்படலாம். அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். வேரைத் தோண்டிப் பார்க்காதீர்கள்.