ரெண்டு வேளைக்கு மட்டும் குடுங்க

நல்லம்பள்ளி வட்டாரத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அமாக்ஸிசிலினை நாம் மருந்தாக மதித்ததே இல்லை. தலைவலித் தைலம் மாதிரி வாங்கினோம்.

சந்தை நாளில் மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். "அண்ணே, தொண்டை கட்டிருச்சு, சளி. ரெண்டு வேளைக்கு மட்டும் குடுங்க." கடைக்காரர் கத்தரியை எடுத்து அட்டையிலிருந்து இரண்டு கேப்ஸ்யூலை வெட்டுகிறார். கூடவே காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை. காகிதத்தில் மடித்தால் 'செட்' தயார். மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ அட்டையின் மிச்சத்தோடு கடையிலேயே தங்கிவிடும். அட்டையின் பின்பக்கம் ஓடும் சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்பதற்கான அடையாளம். 2016-இல் மத்திய அரசு அதை ஊரறியச் சொன்னது. நாம் அதை டிசைன் என்று நினைத்துக்கொண்டோம்.

சளியும் தொண்டைக்கட்டும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்து கொல்லும் மருந்து. வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது. தானாகப் போகிற சளியை மாத்திரை விரட்டியதாக நம்பி, அடுத்த சளிக்கும் அதையே கேட்டோம். பாக்டீரியாத் தொற்று என்று டாக்டர் பார்த்து ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தபோதோ, காய்ச்சல் விட்ட மறுநாளே நிறுத்தி, மிச்சத்தை டிவி மேல் வைத்தோம். நிறுத்தலாமா என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்காரர் ஒருவர் தானே மருந்து வாங்கிக் குறைவாகப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆக, பென்சிலின் பலிக்காமல் அவள் இறந்துபோகிறாள். மருந்து பரவலாகக் கைக்கு வரும் முன்பே சொன்ன எச்சரிக்கை அது. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் பேர் என்று லான்செட் ஆய்வு கணக்கிட்டது.

அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே அமாக்ஸிசிலின் இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முப்பது வருஷமாக அதற்கென்றே மருந்து வாங்கி அனுப்புகிறது. "கவர்மெண்ட் மாத்திரை நம்ம உடம்புக்குக் கேக்காது" என்று நாமே ஒரு மருத்துவம் கண்டுபிடித்து, கடையில் 'பவரானது' கேட்டோம். கொரோனா காலத்தில் அஸித்ரோமைசினை வாங்கி அடுக்கியதும் நாம்தான். உலக சுகாதார நிறுவனம் அதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டிய மருந்துகளின் வரிசையில் வைத்திருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் செய்தது இன்னும் மோசம். ட்ரை சிரப் பாட்டிலில் மருந்து தூளாக இருக்கும். ஆறவைத்த கொதிநீரை அம்புக்குறி வரை ஊற்றிக் குலுக்க வேண்டும், நுரை அடங்கியதும் குறிக்குக் கீழே இறங்கினால் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். கலந்தபின் லேபிளில் போட்ட நாள் வரைதான், பெரும்பாலும் ஏழு நாள், அதன் ஆயுசு. நாம் குழாய்த் தண்ணியைக் குத்துமதிப்பாக ஊற்றினோம். மிஞ்சியதை அடுத்த மாதக் காய்ச்சலுக்கு வைத்திருந்து, பெரியவனுக்கு எழுதியதைச் சின்னவளுக்குக் காப்பி ஸ்பூனில் கொடுத்தோம். பிள்ளையின் எடைக்குத்தான் அளவு என்பதை யாரும் கேட்கவில்லை. பென்சிலின் வகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உடம்பு தடித்து, முகம் வீங்கி, மூச்சே அடைக்கலாம். முன்பு எந்த மருந்துக்காவது தடித்ததா என்று கடைக்காரரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

மாட்டையும் விடவில்லை. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், மருந்து பாலில் இறங்குவது நிற்கும்வரை சில நாள் அந்தப் பாலை விற்கக் கூடாது. ஊசி போட்டவர் சொல்லிவிட்டுத்தான் போனார். சாயங்காலமே சொசைட்டி கேனில் ஊற்றினோம். விவரம் தெரிந்த சிலர், அந்த வாரம் மட்டும் வீட்டுக் குழந்தைக்குப் பக்கத்து வீட்டில் பால் வாங்கினார்கள்.