எந்த ஏர் ரைஃபிள் வாங்கலாம், சார்?



தலைப்பைப் பார்த்து, "சாருக்கு ரிட்டயர் ஆனதும் துப்பாக்கி ஆசை வந்துவிட்டதா" என்று கேட்காதீர்கள். போன வாரம் இங்கிலாந்திலிருந்து நம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 1994-ஆம் வருடப் பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். இப்போது அவன் மகளுக்கே 14 வயது. "சார், நானும் பாப்பாவும் சேர்ந்து சுடுற மாதிரி ஒரு ஏர் ரைஃபிள் வாங்கணும். ரெண்டுல ஒண்ணு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், நான் இயற்பியல் வாத்தியார். பல வருடம் என்.சி.சி.யும் பார்த்தவன். அதோடு, சென்ற ஆண்டு மகள் வீட்டில் தங்கியிருந்தபோது சில ஞாயிற்றுக்கிழமைகள் அவனுடைய கிளப்புக்கு என்னையும் அழைத்துப் போனான். அவனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். பொருள் வாங்குவதைப் பற்றி எனக்குள்ள ஒரு கருத்தும் இதில் இருப்பதால் மற்றவர்களும் படிக்கலாம்.

அவன் சொன்ன இரண்டும் ஸ்பிரிங் வகை, அண்டர்லீவர் ரைஃபிள்கள். ஒன்று இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் கம்பெனியின் டி.எக்ஸ். 200. இன்னொன்று ஜெர்மனியின் வைராஹ் கம்பெனி செய்யும் எச்.டபிள்யூ. 97கே.

நம் ஊர்ப் பொருட்காட்சியில் பலூன் சுடும் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? குழலையே முறித்து மடக்கி, பெல்லட் போட்டு, மறுபடி நிமிர்த்துவார்கள். அண்டர்லீவரில் குழல் அசையாது. அதற்கு அடியில் ஒரு நெம்புகோல் படுத்திருக்கும். அதைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி பிஸ்டன் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். டிரிகரை இழுத்தால் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை அழுத்தும். அந்தக் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளுகிறது. குழல் நிலையாக இருப்பதால் குறி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும் என்பது இந்த வகையின் பெருமை. இது புதுச் சரக்கும் இல்லை. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி 1905 வாக்கிலேயே அண்டர்லீவர் விற்றிருக்கிறது.

மாணவன் முதலில் கேட்டது, "எது சார் பவர் ஜாஸ்தி?" என்றுதான். இந்தக் கேள்வியை அவன் விட்டுவிடலாம் என்றேன். இங்கிலாந்தில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளுக்குச் சட்டம் 12 அடி-பவுண்டு என்று வரம்பு கட்டியிருக்கிறது. நம் கணக்கில் சுமார் 16.3 ஜூல். இரண்டு ரைஃபிளுமே அந்த வரம்புக்குள் நிற்கும்படி செய்யப்பட்டவை.

வாத்தியார் புத்தி விடாது, ஒரு கணக்கும் போட்டுவிடுவோம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதி பெருக்கல் திசைவேகத்தின் வர்க்கம். 4.5 மி.மீ. பெல்லட் சுமார் 0.55 கிராம். 16.3 ஜூல் கொடுத்தால் அது நொடிக்கு ஏறக்குறைய 244 மீட்டரில் கிளம்பும். 5.5 மி.மீ. பெல்லட் சுமார் 1 கிராம். அதே ஆற்றலில் அது 180 மீட்டரைத்தான் எட்டும். அதனால் 4.5-இன் பாதை தட்டையாக இருக்கும். தூரத்தைக் கணிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் குறி ரொம்பத் தப்பாது. தகரக் குறிகளைத் தட்டிவிடும் பந்தயத்துக்கு 4.5 போதும் என்பது என் முடிவு. இதுவரை அவனும் தலையாட்டினான்.

அடுத்தது எடை. டி.எக்ஸ். 200 சுமார் 4.2 கிலோ. 97கே சுமார் 4 கிலோ. இரண்டிலும் இரும்புக் குறிமுள் கிடையாது, ஸ்கோப் மாட்டியே ஆக வேண்டும். அது இன்னொரு அரைக் கிலோ. ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னாலும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னாலும் உதைக்கும். இந்த இரட்டை உதையைத் தாங்காத ஸ்கோப் சீக்கிரம் கெட்டுவிடும். "ரைஃபிளுக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடித்து நல்ல ஸ்கோப் வாங்கு" என்று கிளப்பில் சொன்னது அதனால்தான்.

ஆக, இரண்டுமே ஐந்து கிலோ அரிசிப் பைக்குக் கொஞ்சம் குறைவு. அதை நின்றபடி தோளில் தாங்குவது 14 வயதுப் பெண்ணுக்கு எளிதல்ல. ஆனால் எடைக்கு ஒரு நன்மையும் உண்டு. கனமான துப்பாக்கி உதைக்கும்போது குறைவாக நகரும். உந்தம் பாடத்தில் நடத்தியதுதான். அந்தக் கிளப்பில் பெரும்பாலான குறிகளைப் படுத்துக்கொண்டே சுடுகிறார்கள். படுத்துச் சுடும்போது எடையைத் தரை தாங்கிக்கொள்ளும்.

டிரிகர் விஷயத்தில் இரண்டும் நல்லவை. வைராஹின் 'ரெக்கார்ட்' டிரிகர் பல பத்தாண்டுகளாகப் பேர் வாங்கியது. ஏர் ஆர்ம்ஸ் டிரிகரும் அதற்குக் குறைந்ததில்லை. விலையில் டி.எக்ஸ். பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். இவ்வளவும் பார்த்துவிட்டு அவன், "அப்போ 97கே போதும் சார், பணம் மிச்சம்" என்றான்.

அப்போதுதான் நான் ஒன்றை ஞாபகப்படுத்தினேன். அவனும் அங்கே இருந்தான்.

அந்தக் கிளப்பில் ஒரு பெரியவரின் பழைய அண்டர்லீவரை வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தேன். இருபது முப்பது முறை இழுத்தாயிற்று, கை சோர்ந்துவிட்டது. நெம்புகோலை இழுத்துப் பூட்டிவிட்டு, திறந்த வாய்க்குள் பெல்லட் வைக்கக் கட்டைவிரலை விட்டேன். பக்கத்தில் யாரோ தமிழில் பேசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பார்க்கும்போதே நெம்புகோலைப் பிடித்திருந்த மற்றொரு கையை எடுத்துவிட்டேன். விரல் உள்ளேயே இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த கொக்கி பிடித்துக்கொண்டது. ஆனால் பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக என் கையை எடுத்து நெம்புகோலின் மேல் வைத்தார். "இன்றைக்குக் கொக்கி தன் வேலையைச் செய்தது, உங்கள் கை செய்யவில்லை" என்ற பொருளில் ஒன்று சொன்னார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் 'கவனம், கவனம்' என்று சொன்னவன் நான். அன்று முழுக்க நான் அப்புறம் சுடவில்லை.

இந்த வகை ரைஃபிள்களில் காற்றை அழுத்தும் உருளையே பின்னால் நகர்ந்து, பெல்லட் போட வழி விடுகிறது. விரல் அந்த வழியில் இருக்கும்போது கொக்கி நழுவினால், முழு ஸ்பிரிங்கின் வேகத்தில் அந்த உருளை முன்னே வந்து மூடும். விரல் மிஞ்சாது. அதற்காகத்தான் இரண்டு கம்பெனிகளும் பாதுகாப்புக் கொக்கி வைத்திருக்கின்றன. வைப்பதில் வித்தியாசம் இருக்கிறது. 97கே-யில் நெம்புகோலை முழுதாக இழுத்து முடித்த பிறகு பூட்டுகிறது. பெல்லட் போட்டபின் இடப்பக்கப் பொத்தானை அழுத்தித் திருப்ப வேண்டும். டி.எக்ஸ். 200-இல் இழுக்கும் வழியிலேயே பற்கள் இருக்கின்றன. 'டக், டக்' என்று படிப்படியாகப் பிடித்துக்கொண்டே வரும். பாதியில் கை நழுவினாலும் ஒரு பல் தாங்கும்.

பெரியவனுக்கு மட்டும் என்றால் எதை வாங்கினாலும் சரி என்பேன். கை சோரும்போது பாதி இழுப்பில் விட்டுவிடக்கூடிய ஒரு குழந்தையும் அதைப் பிடிக்கப் போகிறது. அதனால் என் ஓட்டு டி.எக்ஸ். பக்கம். 200 கிராம் கூடுதல் எடை, கொஞ்சம் கூடுதல் விலை, இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். எடை கூடினால் படுத்துச் சுடலாம். விலை கூடினால் இரண்டு மாதம் பொறுத்து வாங்கலாம். விரலுக்கு அப்படி வழி இல்லை.

"97கே வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் விரலோடுதானே இருக்கிறார்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கொக்கி எதுவானாலும், பெல்லட் போட்டு முடிக்கும்வரை நெம்புகோலிலிருந்து கையை எடுக்காதவர்கள் அவர்கள். டி.எக்ஸ். வாங்கினாலும் பாப்பாவுக்கு முதல் பாடம் அதுதான். பற்கள் இருக்கின்றன என்று கையை விடப் பழகினால் நான் சொன்னதெல்லாம் வீண். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது. பிஸ்டன் மோதி உள்ளுறுப்பு கெடும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். கடையில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. கிளப்பில் இரண்டையும் இரவல் வாங்கி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பாப்பா முப்பது முறை இழுத்துச் சுடட்டும். முப்பதாவது தடவை அவள் கை எங்கே இருக்கிறது என்று பார். அவளால் இழுக்கவே முடியவில்லை என்றால், இன்னும் ஓரிரு வருடம் நீ இழுத்துக் கொடு, அவள் சுடட்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஏர் ரைஃபிள் வாங்க முடியாது, பரிசாகவும் பெற முடியாது. ஆகவே "பாப்பாவோட பிறந்தநாள் பரிசு" என்ற பேச்சை விட்டுவிடு. அது உன் பொருள். அவள் கைக்குத் தானாகக் கிடைக்காதபடி பூட்டி வைப்பதும் உன் பொறுப்பு. வேலைமாற்றத்தில் ஸ்காட்லாந்து போனால், அங்கே 2016 கடைசி நாளிலிருந்து ஏர் ரைஃபிளுக்கே உரிமச் சான்று வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே.

இங்கே ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 4.5 மி.மீ., 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக வயல் பக்கம் போய் கொக்கையும் மைனாவையும் குறிவைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது குற்றம். தகர டப்பா போதும், பின்னால் மண்மேடு இருக்கட்டும்.

பைக், கேஸ் அடுப்பு, கிரைண்டர், எதை வாங்கினாலும் நாம் வேகத்தையும் பவரையும் விலையையும் கேட்கிறோம். வீட்டில் கை சோர்ந்த ஒருவர், கவனம் சிதறிய ஒருவர் அதைத் தொடும்போது என்ன ஆகும் என்று கேட்பதில்லை. அந்த ஒருவர் எப்போதும் குழந்தையாகவே இருப்பார் என்றும் இல்லை. அன்று அது நான்.

தம்பி, இந்த ஞாயிறு கிளப்புக்குப் போய்வந்து என்ன முடிவு செய்தாய் என்று கீழே எழுது. பாப்பாவுக்கு என் ஆசிகள். மற்றவர்களும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். சார் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்