கேம் பாயை ஓரங்கட்டிய ஸ்மார்ட்போன்: 'ஃப்ரீ' கேமுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

செந்துறை மாதிரியான ஊர்களில் 90-களில் வளர்ந்தவர்களுக்குக் கையில் வைத்து விளையாடும் கேம் என்றால் பிரிக் கேம்தான். திருவிழாக் கடையில் வாங்கி, பேட்டரி போட்டு, கட்டம் அடுக்கிய ஞாபகம் பலருக்கும் இருக்கும். நிண்டெண்டோவின் கேம் பாய், சோனியின் பிஎஸ்பி எல்லாம் பெரிய நகரத்து சமாச்சாரம். இன்றைக்கு அதே ஊரில் அப்பாவின் போன்தான் பிள்ளைக்கு கேம் மெஷின். இது எப்படி நடந்தது? இதில் நம்ம பர்ஸுக்கு என்ன வேலை?

ஒரு காலத்தில் ராஜா

1989-ல் ஜப்பானில் கேம் பாய் வந்தது. 2004-ல் நிண்டெண்டோ டிஎஸ், சோனி பிஎஸ்பி இரண்டும் வந்தன. டிஎஸ் மட்டும் உலகம் முழுக்க 15.4 கோடி விற்றது. வியாபாரம் சிம்பிள்: மெஷினுக்கு ஒரு விலை, ஒவ்வொரு கேமுக்கும் தனி விலை.

இன்னொரு பக்கம், 1997-ல் நோக்கியா 6110 போனில் 'ஸ்நேக்' வந்தது. பேசத்தான் போன், பாம்பு கேம் அதோடு சும்மா கிடைத்தது. தனியாக மெஷின் வாங்காமலே விளையாடலாம் என்று நம்ம ஆட்கள் பழகியது அங்கேதான்.

2008-ல் திறந்த கடை

2008 ஜூலை 10-ல் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அப்போது அதில் இருந்தவை சுமார் 500 ஆப்கள். அதே ஆண்டு அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது. இப்போதைய ப்ளே ஸ்டோர் அதுதான். ஒரு டாலருக்கும் குறைவாக கேம் கிடைத்தது.

அடி உடனே தெரிந்தது. 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்த நிண்டெண்டோ 3டிஎஸ், ஆறே மாதத்தில் 15,000 யென்னுக்கு இறங்கியது. கம்பெனித் தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். சோனியின் பிஎஸ் வீட்டா 2019-ல் உற்பத்தியையே நிறுத்தியது.

கையடக்க மெஷின் செத்துவிடவில்லை. 2017-ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டி விற்றிருக்கிறது. ஆனால் அது டிவியிலும் மாட்டி விளையாடும் மெஷின். பஸ்ஸில் பத்து நிமிஷம் பொழுதுபோக்கும் இடத்தை போன் பிடித்துவிட்டது.

'ஃப்ரீ' எப்படி லாபம் ஆகிறது?

திருப்புமுனை 2009 அக்டோபர். இலவச ஆப்புக்குள்ளேயே பொருள் விற்கலாம் என ஆப்பிள் அனுமதித்தது. அதுவரை காசு கொடுத்துவிட்டு விளையாட வேண்டும். அதன்பிறகு, விளையாடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் காசு கேட்கும். புது டிரெஸ், துப்பாக்கிக்கு ஸ்கின், காயின், இன்னொரு 'லைஃப்' என்று பட்டியல் நீளும். வாங்காதவர் விளம்பரம் பார்க்க வேண்டும்.

இந்த விற்பனையில் 30 சதவீதம் வரை ஸ்டோருக்குக் கமிஷன். ப்ளே ஸ்டோர் பில்லிங் விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அது 2025-ல் சுமார் 216 கோடியாகக் குறைந்தது.

நம்ம ஊருக்கு வந்தது எப்போது?

2016-ல். அந்த செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. யுபிஐ தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஆக, கேம், டேட்டா, பணம் மூன்றும் ஒரே கருவிக்குள் வந்துவிட்டன. கேம் பாயில் எவ்வளவு நேரம் விளையாடினாலும் வீட்டுக் கணக்கிலிருந்து பணம் போக வழி இல்லை. போனில் வழி இருக்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கேட்ரிஜ் வாங்கினால் அது நம்முடையது. ஆன்லைன் கேம் அப்படி இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கு மத்திய அரசு தடை போட்டது. அக்டோபர் 30-ல் இந்தியாவில் சர்வரும் நின்றது. 2021-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வாய்ப்பு கொடுத்தார்கள். ஆனால் அதுவரை, காசு கொடுத்து வாங்கிய ஸ்கின்னைத் தொடக்கூட முடியவில்லை.

தடைச் சட்டம் இருக்கே?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இரண்டின் குறியும் பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆட்டங்கள்தான். சாதாரண கேமுக்குள் காயின், ஸ்கின் வாங்குவதை இந்தச் சட்டங்கள் தடுக்கவில்லை. 'அதான் தடை வந்தாச்சே' என்று சும்மா இருந்துவிட முடியாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• இன்ஸ்டால் பண்ணும் முன் ஆப்பின் பெயருக்குக் கீழே பாருங்கள். ஆப்புக்குள் பொருள் விற்கிறார்களா, விளம்பரம் வருமா என்று அங்கேயே போட்டிருப்பார்கள்.

• ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி மாற்றுங்கள்.

• யுபிஐ பின் நம்பரைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். 'ரீசார்ஜ் பண்ணித் தா' என்று கேட்டால் சிம்முக்கா, கேமுக்கா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

• இலவச காயின் தருகிறோம் என்று வெளி லிங்க் வந்தால் தொட வேண்டாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.