நின்றபடியே மயங்கி விழுவது ஏன்?

பள்ளி மைதானத்தில், வெயிலில் வெகுநேரம் நின்ற மாணவி திடீரெனச் சரிகிறாள். ரத்தப் பரிசோதனை ஊசியைப் பார்த்ததுமே வாட்டசாட்டமான இளைஞர் நாற்காலியிலிருந்து நழுவுகிறார். 'காலையில சாப்பிட்டிருக்க மாட்டா', 'இவ்வளவு பயமா!' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரும்பாலும் இருவருக்கும் நடப்பது ஒன்றுதான். தானியங்கி நரம்பு மண்டலம் சில விநாடிகள் தடம் மாறிவிடுகிறது.

நம்மைக் கேட்காமலே இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொள்வது இந்த மண்டலம். இதில் பரிவு நரம்புகள் இதயத்தை வேகப்படுத்தி, ரத்தக்குழாய்களைச் சுருக்கும். எதிர்ப்பரிவு நரம்புகளில் முக்கியமான வேகஸ், இதயத்தை நிதானப்படுத்தும்.

நாம் எழுந்து நின்றதும் சுமார் அரை லிட்டர் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை மூளைத்தண்டுக்குச் சொல்ல, பரிவு நரம்புகள் உடனே ஈடுகட்டும்.

பயம், வலி, புழுக்கம், நீண்டநேரம் அசையாமல் நிற்பது போன்றவை சிலருக்கு இதைத் தலைகீழாக்கும். இதயம் மெதுவாகும், ரத்தக்குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் சரியும். மூளைக்கு ரத்தம் குறைந்தால் சில விநாடிகளிலேயே நினைவு தப்பும். 1932-ல் இதற்கு 'வேசோவேகல்' என்று பெயர் வைத்தவர் தாமஸ் லூயிஸ். அட்ரோபின் கொடுத்து நாடித்துடிப்பை உயர்த்தியும் அழுத்தம் ஏறாததைக் கண்ட அவர், ரத்தக்குழாய் விரிவதற்கும் இதில் பங்குண்டு என்று காட்டினார்.

முன்னறிவிப்பு உண்டு

கண் இருட்டுவது, வியர்ப்பது, குமட்டல், காது அடைப்பது, கொட்டாவி... இவை வந்ததும் கூச்சப்படாமல் அங்கேயே படுத்துவிடுங்கள். படுக்க இடமில்லையா? உட்கார்ந்து, கால்களைப் பின்னிக்கொண்டு தொடை, பிட்டத் தசைகளை இறுக்குங்கள். ரத்ததானத்துக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும் உதவும். இரவில் சிறுநீர் கழிக்கும்போது மயங்கும் ஆண்கள் உட்கார்ந்தே கழிப்பது நல்லது.

பக்கத்தில் இருப்பவர்கள்...

விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். மல்லாந்து படுத்தால்தான் மூளைக்கு ரத்தம் போகும். கால்களைச் சற்று உயர்த்துங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். முழு நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, புரையேறும். மயக்கத்தில் கை, கால் சில விநாடிகள் வெட்டுவதுண்டு. அதை வைத்தே வலிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் தெளியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

எது சாதாரண மயக்கம் அல்ல?

ஓடும்போது, விளையாடும்போது மயங்குவது; படுத்திருக்கும்போதே மயங்குவது; அறிகுறியே இல்லாமல் விழுவது; நெஞ்சுவலி, படபடப்போடு வருவது; குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பது... இவை இதயக் கோளாறைக் காட்டலாம். உடனே டாக்டரைப் பார்த்து இ.சி.ஜி. எடுக்க வேண்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை அல்லது பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒருமுறை மயங்கினாலும் பரிசோதனை அவசியம்.

டாக்டரிடம் போகும்போது, விழுந்ததை நேரில் பார்த்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். மயங்கியவருக்குத் தெரியாத அந்தச் சில விநாடிகளில்தான் பாதி விடை இருக்கிறது.