தோற்றவரும் நம்பும் தேர்தல்

தேர்தலில் வென்றவர் அதன் முடிவை நம்புவது இயல்பு. தோற்றவரும் நம்பும்போதுதான் அது தேர்தல் என்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது. வாக்குச்சீட்டைச் சட்டம் காக்கும். தோற்றவரின் நம்பிக்கையைக் காப்பதற்குச் செய்தியின் நேர்மையும் வேண்டும். மக்களாட்சியில் நெடிய பயிற்சியுடைய அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2020ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்தவை இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றன.

எண்ணும் முறையில் எழுந்த ஐயம்

கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே, 2020 நவம்பர் 3ஆம் நாள் அங்கு அதிபர் தேர்தல் நடைபெற்றது. வாக்களித்தோருள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் அஞ்சல் வழியே வாக்களித்தனர். அந்நாட்டில் தேர்தல் விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களின் சட்டம், அஞ்சல் வாக்குகளின் உறைகளைத் தேர்தல் நாளுக்கு முன்னர்ப் பிரிக்க இடந்தரவில்லை. அஞ்சல் வாக்கு நம்பத்தகாதது என அதிபர் டிரம்ப் பல மாதங்களாகக் கூறிவந்தார். அதனால் அவருடைய குடியரசுக் கட்சியினர் பெரும்பாலும் வாக்குச்சாவடிக்கே சென்றனர்; ஜனநாயகக் கட்சியினரோ அஞ்சலை மிகுதியும் நாடினர். எனவே, முதல் நாள் இரவு டிரம்ப் முந்துவதும், உறைகள் பிரியப் பிரியப் பைடன் முந்துவதும் முன்னரே எதிர்பார்க்கப்பட்டவையே. விதியால் விளைந்த இம்மாற்றத்தைக் களவின் சான்றாகக் காட்டினர் சிலர்.

அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. முடிவை மாற்றத்தக்க சான்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஜார்ஜியா மாநிலம் ஏறத்தாழ 50 இலட்சம் வாக்குகளைக் கையால் மீண்டும் எண்ணிப் பார்த்தது. அப்போதும் பைடனே வென்றார். தேர்தல் பொறுப்பை ஏற்றிருந்த அம்மாநிலச் செயலர் குடியரசுக் கட்சியைச் சார்ந்தவர் என்பது இங்குக் கருதத்தக்கது. எனினும் ஐயம் அடங்கவில்லை. 2021 ஜனவரி 6ஆம் நாள் நாடாளுமன்றக் கட்டடமே தாக்கப்பட்டது.

பிழை ஒரு பக்கத்தது அன்று

ஜார்ஜியா 2021 மார்ச்சில் புதிய தேர்தல் சட்டம் இயற்றியது. அஞ்சல் வாக்குக்கு அடையாளச் சான்று கேட்டது; வாக்குச்சாவடி வரிசையில் நிற்போர்க்குப் பிறர் தண்ணீர் வழங்குவதையும் தடுத்தது. இவை குறைகூறத்தக்கவை என்பது என் கருத்து. ஆயினும், வாக்குப்பதிவு மாலை 5 மணியோடு முடிக்கப்படும் என்னும் பொருள்பட அதிபர் பைடன் பேசியது உண்மையன்று. தேர்தல் நாளின் நேரம் குறைக்கப்படவே இல்லை. முன்கூட்டி வாக்களிப்பதற்கு இரண்டாவது சனிக்கிழமையும் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. தீய சட்டத்தை எதிர்ப்பதற்கும் பொய் துணையாகாது.

நோய் பற்றிய செய்தியிலும் இந்நிலையே. பொதுமக்கள் முகக்கவசம் வாங்க வேண்டா, அதனால் பயனில்லை என்று 2020 பிப்ரவரி இறுதியில் அரசின் தலைமை மருத்துவர் அறிவித்தார். ஏப்ரல் 3ஆம் நாள், முகத்தைத் துணியால் மூடுக என்று அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்தியது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வது குற்றமன்று. அறியாததை அறிந்தாற்போல் உரைத்ததே குற்றம். கிருமி மனிதரால் ஆக்கப்பட்டது என்னும் பதிவுகளை 2021 பிப்ரவரியில் நீக்கத் தொடங்கிய ஃபேஸ்புக் நிறுவனம், மே மாதத்தில் அத்தடையைக் கைவிட்டது. மறுபுறம், டிரம்ப் போற்றிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்துக்கு 2020 மார்ச்சில் அளிக்கப்பட்ட அவசர இசைவு ஜூன் மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. முகக்கவசமும் மருந்தும் கட்சிக் கொடிகளாயின. நோயோ கட்சி பார்க்கவில்லை. 11 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர்.

செய்தியாளர் கடன்

வாக்கு எண்ணும் இயந்திரங்களைச் செய்யும் டொமினியன் நிறுவனத்தின்மீது பொய்ப்பழி பரப்பியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 இலட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. அத்தொலைக்காட்சியினர் பலர் தாமே நம்பாத கூற்றுகளுக்குத் திரையில் இடமளித்தனர் என்பதை வழக்கின் ஆவணங்கள் காட்டின. நேயர்கள் வேறு தொலைக்காட்சிக்குப் போய்விடுவர் என்னும் அச்சமும் அவற்றில் வெளிப்பட்டது. மக்கள் விரும்புவதை மட்டும் சொல்வது வணிகம்; செய்திப் பணி ஆகாது.

2024 நவம்பரில் டிரம்ப் வென்றார். தோற்ற கமலா ஹாரிஸ் மறுநாளே முடிவை ஏற்றுக்கொண்டார். நான்காண்டுகளாக முழங்கிய களவுக் குரல் அவ்வாண்டின் முடிவைக் குறித்துப் பெரிதும் எழவில்லை. வென்றால் நேர்மை, தோற்றால் களவு என்பது நம்பிக்கையன்று, வெறும் கட்சிப்பற்றே.

இதற்கு மருந்து யாது? எதிரணியின் பொய்யை வெறுப்பது எளிது. நம் அணியின் பொய்யை மறுப்பது அரிது. அவ்வரிய செயலே கற்றோர் கடன். சுவடி பதிப்பிக்கும் அறிஞர், பாடவேறுபாடு எழுந்தவிடத்துப் பல படிகளை ஒப்புநோக்குவர்; தமக்கு இனிக்கும் பாடத்தை விடுத்துச் சான்றுடைய பாடத்தையே கொள்வர். தமிழ் பயில்வோர் வகுப்பறையில் கற்கும் அந்நெறியை நாள்தோறும் வந்து சேரும் செய்திக்கும் உரியதாக்குதல் வேண்டும். ஒரு செய்தி நமக்கு மிக இனிக்கும்போதே அதனை இருமுறை ஆராய வேண்டும்.