'காணாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம்'

எங்கள் பட்ச் பொடியள் ஏழு பேர் மிரிஸ்ஸவுக்குப் போய்த் திமிங்கிலம் பார்த்து வந்த படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே வால் மட்டும் நிற்கிற படம்தான் எல்லாருக்கும் பிடித்தது. "மச்சான், இவ்வளவு கிட்டயா?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்தக் 'கிட்ட' பற்றித்தான் இந்தப் பதிவு. பயணக் குறிப்பு எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், இன்றைக்குக் கொஞ்சம் கோபமாக இருக்கிறேன் (முக்கால்வாசி என்மேல்தான்).

இடம் தெரியாதவர்களுக்கு: காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் வழியில் வெலிகமவைத் தாண்டியதும் வருகிற சின்ன ஊர் மிரிஸ்ஸ. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தென்கடல் அடங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் படகுகள் வரிசையாகக் கிளம்பும். உலகத்திலேயே பெரிய விலங்கான நீலத் திமிங்கிலத்தைக் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் பார்த்துவிடலாம். தெற்குக் கரையில் ஆழம் குறைந்த பகுதி மிக ஒடுக்கம். கொஞ்சத் தூரத்திலேயே கடல் கிடுகிடு என்று ஆழமாகிவிடும். அங்கே இரை இருக்கிறது, அதனால் இவையும் இருக்கின்றன. வேறு கடல்களில் பெரும்பாலான நீலத் திமிங்கிலங்கள் இரைக்காகத் துருவப் பக்கம் போய்வரும். எங்கள் பக்கத்தவை அப்படிப் போவதில்லை. இரையும் இங்கேதான், குட்டியும் இங்கேதான். விரட்டினால் போக அவற்றுக்கு வேறு வீடு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

டிக்கெட் விற்றவர் சொன்ன வசனம் இது: "கட்டாயம் காட்டுவோம். காணாவிட்டால் இன்னொரு நாள் இலவசமாக ஏற்றுவோம்." நாங்கள் வணிகம் படிக்கிற பிள்ளைகள் அல்லவா, இடர் இல்லாத முதலீடு என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டு காசைக் கட்டினோம்.

ஆறரைக்குக் கிளம்பியது படகு. பாண், வாழைப்பழம், பிளேன் ரீ. ஏழு மணிக்கே எங்களில் மூன்று பேர் சத்தி. ஒன்றரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, அவ்வளவுதான், கண்ணுக்கெட்டிய படகுகள் எல்லாம் ஒரே பக்கம் மூக்கைத் திருப்பின. நான் எண்ணியபோது பதினொன்று. நடுவில் ஒரே ஒரு திமிங்கிலம். அது மேலே வந்து நீரைப் பீச்சியதும் இரண்டு பக்கத்தாலும் என்ஜின்கள் உறுமின. ஆழமாக மூழ்க முதல் பல தடவை மூச்சு எடுக்கும், அவசரப்படாதீர்கள் என்று சற்று முன்னர்தான் வழிகாட்டி சொல்லியிருந்தார். இது இரண்டு தடவை மூச்சு விட்டது. வாலைத் தூக்கியது. போய்விட்டது. நீங்கள் ரசித்த வால் படம் அந்த நேரம் எடுத்ததுதான். அதற்கு முன்னர் "கிட்டப் போங்க, கிட்டப் போங்க" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது யார் என்று கேட்கிறீர்களா? உங்கள் அன்புக்குரிய பதிவர்தான்.

திரும்பி வரும்போது பின்னால் இருந்த படகோட்டியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன், ஐயே, இவ்வளவு கிட்டப் போகலாமா என்று. அவர் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்: "மல்லி, நான் நூறு மீற்றரில நிப்பாட்டினா பக்கத்துப் படகு அம்பதுக்குப் போகும். என்ர படகில இருக்கிற ஆக்கள் அதைப் பாத்துப்போட்டு என்னைப் பேசுவினம். இரவைக்கு இணையத்தில ஒரு நட்சத்திரம் போடுவினம். அடுத்த கிழமை முதலாளி வேற ஆளை ஏத்துவார்."

அந்த மனிதரிடம் எனக்கு வாதம் இல்லை. என் வாதம் அந்த 'இலவசப் பயணம்' என்ற உத்தரவாதத்தோடு.

யோசித்துப் பாருங்கள். உத்தரவாதம் என்றால் இடரை வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு மாற்றுவது, முதலாம் வருடத்திலேயே படித்தோம். குளிர்சாதனப் பெட்டி பழுதானால் கொம்பனி திருத்தித் தரும், அதன் செலவு கொம்பனிக்கு. இங்கே என்ன நடக்கிறது? காணாமல் போகும் இடரை நான் முதலாளிக்குத் தள்ளுகிறேன். இன்னொரு தடவை சும்மா ஏற்றினால் டீசல் காசு அவருக்கு நட்டம் (2022க்குப் பிறகு இந்த நாட்டில் டீசல் விலை பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை). ஆகவே அவர் படகோட்டிக்குத் தள்ளுகிறார், காட்டாமல் திரும்பாதே என்று. படகோட்டி திமிங்கிலத்துக்குத் தள்ளுகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காத, ஒரு சதமும் வாங்காத ஒரு உயிர் மூச்சைக் குறைத்துக்கொண்டு எங்கள் உத்தரவாதத்தைத் தாங்குகிறது. புறவிளைவு என்று பரீட்சையில் தொழிற்சாலைப் புகையை உதாரணம் எழுதிக்கொண்டு இருக்கிறோம். இதை எழுதுங்களேன்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கடல் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கான ஒழுங்குவிதிகள் 2012இல் வர்த்தமானியில் வந்தன. நூறு மீற்றருக்குள் போகக்கூடாது, முன்னால் குறுக்கே போய் வழிமறிக்கக்கூடாது. நல்ல விதிகள். பதினொரு படகு போட்டி போடுகிற இடத்தில் நூறு மீற்றரை யார் அளப்பது?

"நியூசிலாந்தில் கைகோராவிலும் காணாவிட்டால் காசு திருப்பித் தருகிறார்களே" என்று நண்பன் ஒருவன் மடக்கினான். உண்மைதான். மாவோரி மக்கள் 1987இல் தொடங்கிய நிறுவனம் அது, கட்டணத்தில் 80 வீதத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்திருக்கிறது. ஆனால் அங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் படகு இறக்க முடியாது. ஒரு திமிங்கிலத்திலிருந்து 300 மீற்றருக்குள் மூன்று கலங்களுக்கு மேல் நிற்கவும் கூடாது. முந்தியடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லாதபோது பொறுமை மலிவு. காணவில்லையா, காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம். எங்களுடைய உத்தரவாதம் போட்டியோடு சேர்ந்தபோதுதான் துரத்தலாக மாறியது. எத்தனை படகு ஒரு நேரத்தில் ஒரு திமிங்கிலத்தின் பக்கத்தில் நிற்கலாம் என்று எண்ணிக்கை போட்டு, அதை நின்று பார்க்க ஒரு காவல் படகையும் விடும்வரை, இந்த 'இலவச' விளம்பரத்தைத் தடை செய்யவேண்டும் என்பதுதான் என் கட்சி. சுனாமி, 2019 குண்டுவெடிப்பு, கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி வாங்கிய ஊரின் வயிற்றில் அடிக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: படகை நிறுத்தச் சொல்லவில்லை. பொய் வாக்குறுதியை நிறுத்தச் சொல்கிறேன். அந்த வாக்குறுதியால் படகோட்டிக்கு ஒரு ரூபா கூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

இன்னொரு கேள்வியும் வரும், நியாயமான கேள்வி. படகு திமிங்கிலத்தைக் கொல்வதில்லையே, கப்பல்தானே கொல்கிறது?

ஆமாம். தெய்வேந்திர முனைக்கு அப்பால் போவது உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. எங்கள் படகிலிருந்தே கொன்டெய்னர் கப்பல்கள் அடுக்குமாடி மாதிரி ஊர்ந்து போவதைப் பார்த்தோம். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் முகப்பில் செத்த நீலத் திமிங்கிலம் ஒன்று மடிந்து தொங்கிக்கொண்டு வந்தது. கடலுயிரியலாளர் ஆஷா டி வோஸ் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டித்தான் இந்தப் பிரச்சினையை உலகத்துக்குச் சொன்னார். பாதையைப் பதினைந்து கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் யாரும் கட்டாயப்படுத்தாமலே தன் கப்பல்களை அப்படித் தள்ளி ஓட்டத் தொடங்கியது. பதினைந்து கடல் மைல்! சிங்கப்பூருக்குப் போகிற கப்பலுக்கு அது ஒரு செலவா?

ஆனால் கப்பலைக் காட்டிப் படகுக்கு மன்னிப்பு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. படகுக்குப் பயந்து இரை தின்னுகிற நேரத்தைக் குறைக்கிற விலங்கும், கப்பல் பாதையில் மூச்செடுக்க வருகிற விலங்கும் ஒன்றுதானே. கப்பல் கொம்பனியை நானும் நீங்களும் வளைக்க முடியாது. டிக்கெட் வாங்கும்போது "எத்தனை மீற்றரில் நிற்பீர்கள்" என்று கேட்க முடியும். நாங்கள் ஏழு பேரும் கேட்டது "கட்டாயம் தெரியுமா" என்று மட்டும்தான்.

கடைசியாக ஒரு விசயம். வந்த அன்று இரவே இணையத்தில் அந்தப் படகுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, 'மிகக் கிட்டப் போனார்கள், சூப்பர்' என்று எழுதியிருந்தேன். போன கிழமை அதை அழித்தேன். ஒரு நட்சத்திரமாக மாற்றத்தான் முதலில் நினைத்தேன். மாற்றினால் அது முதலாளியின் தலையில் விழாது, அந்த ஐயேயின் தலையில்தான் விழும். என்ன எழுதுவதென்று இன்னும் பிடிபடவில்லை. யாருக்காவது தெரிந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.