யார் வீட்டு வாத்தியம்?

ஆறு மாதங்களுக்கு முன்னால் நம் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் இளைய குமாரத்தி. பிரதிவாதி, சாட்சாத் நாமேதான். குமாரத்திக்கு ஒரு கிதார் வேண்டும். ஏதோ ஒரு கிதார் அன்று. கைப்பேசியில் படம் பார்த்து அவளே பொறுக்கி எடுத்து வைத்திருந்த மின்சாரக் கிதார். விலை ரூபாய் 28,000. அது வந்தால் அதனுடன் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி வர வேண்டும். காலால் மிதித்தால் நாதத்தின் குணத்தையே மாற்றிவிடும் பெடல்கள் இரண்டு வர வேண்டும். வீட்டு வாடகையும் அரிசி பருப்பும் போக, ஓர் உபாத்தியாயரின் மாதச் சம்பளத்தில் இவை அடங்குமா என்ற கணக்கை நாம் கரும்பலகையில் போட வேண்டிய அவசியமில்லை. விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது.

நடுவில் நம் தாயார் புகுந்தார். "பணம் கிடக்கட்டும். வெள்ளைக்காரன் வாத்தியம் நம் வீட்டுக்கு எதற்கு? குழந்தை வீணை கற்றுக்கொள்ளட்டும்; இல்லாவிட்டால் பிடில் கற்றுக்கொள்ளட்டும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பிடில் என்றதும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் குடியிருப்பது திருவொற்றியூர். தியாகராஜ ஸ்வாமிகள் வந்து திரிபுரசுந்தரியின்மேல் ஐந்து கிருதிகள் பாடிய ஊர் என்ற பெருமை இதற்கு உண்டு. ஆனால் இங்கிருந்து மேற்கே சற்றுத் தூரத்தில் மணலி என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதற்கும் சங்கீத உலகில் ஒரு பெருமை உண்டு. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியைத்தான் மணலியின் அடையாளமாக எல்லோரும் காட்டுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ராமஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பத்தை ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். கும்பினியாருடன் தொடர்புள்ள அந்தப் பிரபுக்கள், தீக்ஷிதரின் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார்கள். கேட்டவர்களில் மூத்தவர் முத்துஸ்வாமி தீக்ஷிதர். அந்தப் பாண்டு மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். சுமார் நாற்பது உருப்படிகள் இன்றும் நோட்டுஸ்வரம் என்ற பெயரால் வழங்குகின்றன. இளையவர் பாலுஸ்வாமி தீக்ஷிதர். 1786-இல் பிறந்த அவர், ஓர் ஐரோப்பியரிடம் மூன்று வருஷம் பிடில் கற்றார். பிறகு அதில் நம் ராகங்களை வாசித்தார். எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாகவும் விளங்கினார்.

அந்நிய வாத்தியம் நம்முடையதானது எப்படி என்பதைக் கவனியுங்கள். பெட்டியை யாரும் மாற்றவில்லை. தந்திகள் அன்றும் நான்கு, இன்றும் நான்கு. நம்மவர்கள் சுருதி சேர்க்கும் முறையை ஸட்ஜ பஞ்சமமாக மாற்றினார்கள். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்ததைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நுனியைக் காலில் ஊன்றி வாசித்தார்கள். அப்படிச் செய்ததும், வழுக்கி ஏறி இறங்க இடது கைக்குச் சுதந்திரம் கிடைத்தது, கமகம் பிறந்தது. மற்றதெல்லாம் வருஷக்கணக்கான அப்பியாசம்.

இவ்வளவையும் தாயாரிடம் சொன்னோம். "பிடிலில் மெட்டுக் கிடையாது, விரல் எங்கே வேண்டுமானாலும் போகும். கிதாரில் குறுக்கே கம்பி அடித்து வைத்திருக்கிறானே, கமகம் எப்படி வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஹார்மோனியத்தின் பேரிலும் இதே குற்றம் சாட்டித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குத் தடை போட்டது. ஆனால் வீணையிலும் மெட்டு உண்டல்லவா? தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தல்லவா வைணிகர்கள் கமகத்தை வரவழைக்கிறார்கள்? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) செய்ததும் அதுதான். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட அந்தச் சிறிய வாத்தியத்தை, ஒற்றைத் தந்திகள் ஐந்தாக்கி, மின்சாரத்தின் துணையோடு கச்சேரி மேடை ஏற்றினார். தாயார் அவருடைய கச்சேரியைக் கேட்டு உருகியவர். ஆகையால் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

நிற்க. வழக்கின் பணப் பகுதி இன்னும் தீரவில்லை. அதற்கு நிபுணர் ஒருவரின் அபிப்பிராயம் வேண்டும் என்று குமாரத்தியை அழைத்துக்கொண்டு ராயபுரத்துக்குப் புறப்பட்டோம்.

ராயபுரத்தில் 1856-ஆம் வருஷத்து ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் நம் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்து நான்கு. துறைமுகத்தில் பளுத்தூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேடை ஏறியவரல்லர், சங்கீதத்தால் ஒரு காசு சம்பாதித்தவருமல்லர். அந்தக் காலத்தில் ராயபுரத்தில் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அவற்றில் ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, அடுத்த வீட்டுப் பையனுக்கு ஒரு கிதாரைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அந்தப் பையன்தான் இந்தப் பெரியவர். பகலெல்லாம் கிரேனின் இரும்புப் பிடியைப் பிடித்த கை, ஐம்பத்தைந்து வருஷமாகச் சாயங்காலங்களில் இந்தத் தந்திகளைப் பிடித்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னோம். பெரியவர் குமாரத்தியின் கைப்பேசியில் படத்தைப் பார்த்தார். "அழகாய்த்தான் இருக்கிறது, கண்ணு" என்றார். பிறகு நம் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, ஸ்பெயின் தேசத்தில் டோரஸ் என்று ஒரு தச்சர் இருந்தார். இப்போதுள்ள கிதாருக்கு உருவம் கொடுத்தவர் அவர்தான். 1862-இல் அவர் ஒரு வேடிக்கை செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்துவிட்டு, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்தார். நாதம் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்கு. அந்த அட்டைக் கிதாரை இன்றைக்கும் பார்ஸிலோனாவில் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் முதுகு மரத்தின் பெருமையைச் சொல்லும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்."

"அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டோம்.

"தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதி. அந்த இடத்தில் தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்கலாம். நான்கு ஆகிவிட்டால் பிள்ளைக்கு விரல் வெட்டுப்படும். இரண்டு வாரம் அழுது பார்த்துவிட்டு, தனக்குச் சங்கீதம் வராது என்று முடிவு கட்டிவிடும். எத்தனையோ கிதார்கள் பரணுக்குப் போனது இப்படித்தான்."

உயரம் ஏன் மாறுகிறது என்பதையும் விளக்கினார். ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய எழுபது கிலோ. ஓர் ஆள் இரவும் பகலும் அந்த மெல்லிய பலகையைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமானம். கடலோரத்து ஈரத்தில் பலகை உப்புகிறது, குதிரை மேலே எழும்புகிறது, தண்டி வளைகிறது. தண்டிக்குள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருகி வளைவை எடுக்கலாம். குதிரைமேல் உள்ள எலும்புத் துண்டை உப்புக் காகிதத்தில் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். வாசித்து முடித்ததும் பழைய வேஷ்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் காசிமேட்டுக் காற்று ஒரே மாதத்தில் துருவேற்றிவிடும். "2011-இல் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நிறுத்தினார்கள் பாருங்கள், அதுவரைக்கும் துணி கறுப்பாய் வரும். இப்போது சிவப்பாய் வருகிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்" என்று சிரித்தார்.

பெடல்களைப் பற்றி அவருடைய அபிப்பிராயம்? "வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நானே நான்கு வாங்கினேன். ஒவ்வொன்றையும் வாங்கிய மாதத்தில் பெட்டியின் திருகுகளோடு விளையாடினேனே தவிர, ஒரு பாட்டுக்கூடப் புதிதாய்க் கற்கவில்லை."

குமாரத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "தாத்தா, ஒரு பாட்டு வாசியுங்களேன்" என்றாள்.

பெரியவர் முகம் மாறிவிட்டது. இடது கையை நீட்டிக் காட்டினார். மோதிர விரல் மடங்கினால் நிமிர மறுக்கிறது. ஆறேழு மாதமாகக் கிதாரைத் தொடவில்லை. வெளியூரிலிருக்கும் பிள்ளை, "சும்மா கிடக்கிறதை விற்றுவிடுங்கள், அப்பா" என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. இவ்வளவையும் ஏதோ பழைய நாற்காலியை விற்கப் போகிறவர்போல் சொன்னார். ஆனால் பேசும்போதெல்லாம் அவர் பார்வை கட்டிலின் அடியில் இருந்த பெட்டியின்மேலேயே இருந்தது.

உபாத்தியாயர் ஜாதிக்கு வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா என்றோம். ஐரோப்பாவில் ஜாஸ் சங்கீதத்தில் பெரும் புகழ் பெற்ற கிதார் வித்வான். பெயர் தெரியும், வாசிப்பும் கேட்டதுண்டு என்றார் பெரியவர். கையைப் பற்றித் தெரியவில்லை. 1928-இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றி எரிந்தது; இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப் போயின; அப்போது அவருக்கு வயது பதினெட்டு. மிஞ்சிய இரண்டு விரல்களாலேயே புதிதாக வழி கண்டுபிடித்து வாசித்தார். பெரியவர் கேட்டுப் பரவசமடைந்தவை யாவும் அந்தத் தீக்குப் பிற்பட்ட வாசிப்புகளே என்று சொன்னோம்.

"அவனுக்குப் பதினெட்டு, எனக்கு எழுபத்து நான்கு" என்றார் பெரியவர். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குமாரத்தியைப் பார்த்து, "அந்தப் பெட்டியை இழு, கண்ணு" என்றார்.

தந்திகளைச் சற்றே தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். விரலுக்கு அழுத்தம் குறைய அது ஒரு வழியாம். இரண்டு விரல்களால் ஒரு பழைய மெட்டைத் தேடினார். பிரமாதமாக இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். தடுமாறிற்று, பாதியில் நின்றது, மறுபடி தொடங்கிற்று. ஆனால் நிறுத்தியபோது அவர் கிதாரைப் பெட்டியில் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அன்றே ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரவிருந்த ஆசாமிக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வாரம் முழுவதும் கிதார் நம் வீட்டில் இருக்கும். ஞாயிறு தவறாமல் குமாரத்தி அதை ராயபுரத்துக்குக் கொண்டு போக வேண்டும், முதல் அரைமணி பெரியவர் தமக்காக வாசிப்பார், பிறகு பாடம். புதிய தந்திகள் வாங்கும் செலவு நம்முடையது. ஒரு வருஷம் விடாமல் வாசித்தால் மின்சாரக் கிதாரைப் பற்றி யோசிப்பது என்று நாமும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். வாசகர்களே சாட்சி.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. குமாரத்தியின் விரல் நுனிகள் காய்த்துவிட்டன. அதை எல்லோரிடமும் பெருமையாகக் காட்டுகிறாள். பெரியவரின் மோதிர விரல் நிமிரவில்லை. ஆயினும் இரண்டு விரல்களில் மூன்று உருப்படிகள் பாதியில் நிற்காமல் வருகின்றன. சென்ற வெள்ளிக்கிழமை மாலை நம் தாயார், குழந்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சங்கராபரணத்தில் ஏதாவது வருமா அதில்?" என்று கேட்டார். எதுவும் தெரியாது என்றாள் குழந்தை. "நான் சின்ன வயதில் கற்றது ஒன்று சொல்லித் தருகிறேன்" என்று தாயாரே பாடத் தொடங்கினார். குமாரத்தி ஒவ்வொரு ஸ்வரமாகத் தந்தியில் தேடிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

தாயார் பாடியது ஒரு நோட்டுஸ்வரம். மெட்டு யார் வீட்டு மெட்டு என்று நாம் ஞாபகப்படுத்தவில்லை.